கழற்றுவது எப்படி: பாகம் ஒன்று

துணி துவைக்கிற மிஷினைப் பழுதுபார்க்கிறவருக்கு எழுத என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். அவருடைய மனைவியே கேட்டிருக்கிறார். ஆனால் நம் மெக்கானிக்குக்கு எழுத்து ஒரு நமைச்சல். ஆறு வருடமாக ஒரு வலைப்பதிவு வைத்திருந்தார். ஒவ்வொரு பழுதையும் படம்பிடித்துப் போட்டு, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதுவார். ஒரு நாளைக்குப் பதினான்கு முறை அந்தப் பக்கம் திறக்கப்பட்டதாகக் கணினி காட்டும். அதில் ஒன்பது முறை திறந்தவர் அவரே.

அவர் எழுதியதிலேயே பெரியது, முன்பக்கம் கதவு வைத்த மிஷினில், துணி சுழலும் டிரம்மைத் தாங்குகிற பேரிங்கை மாற்றுவதைப் பற்றியது. 'கழற்றுவது எப்படி: பாகம் ஒன்று' என்று தலைப்பு. முப்பத்திரண்டு படங்கள். மேல்மூடியில் தொடங்கி டிரம்மைத் தனியாக எடுத்துத் தரையில் வைக்கிற வரைக்கும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார். கடைசி வரி இது: 'கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். மாட்டுவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.'

அடுத்த வாரம் வந்தது. கூடவே மச்சானும் வந்தார். மனைவியின் அண்ணன். சோபாவில் சாய்ந்துகொண்டு முப்பத்திரண்டு படங்களையும் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"இதையெல்லாம் யாரு மாப்ள படிக்கிறா? மிஷின் ரிப்பேரானா மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. உங்க கதையைப் படிச்சுட்டு உக்காந்து கழட்டவா போறாங்க?"

சொன்னவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சொன்னது போகவில்லை. மெக்கானிக் இரண்டாம் பாகத்தை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. உண்மையாகவே யார் படிக்கிறார்கள்? நான்கு மாதமாக ஒரு பின்னூட்டம்கூட இல்லை. 'நல்லா இருக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தால் போதும், மனுஷன் மூன்றாம் பாகம்வரை போயிருப்பார். மூன்று வாரம் இப்படியே ஓடிய பிறகுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

'எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறீர்களா? வாருங்கள். வலைப்பதிவர் ஊக்கம் மற்றும் கவனப் பராமரிப்பு வாரியம். நாற்பது நாள் பயிற்சி. சான்றிதழ் உண்டு.'

வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. முதல் மாடியில் ஊக்கப் பிரிவு, இரண்டாம் மாடியில் கவனப் பிரிவு, மூன்றாம் மாடியில் விடாமுயற்சிப் பிரிவு. லிஃப்ட் ஓடாததால் விடாமுயற்சிப் பிரிவின் ஊழியர்கள் மூன்றாம் மாடிவரை ஏறுவதை விட்டுவிட்டு இரண்டாம் மாடிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் நாற்பத்தியாறு கேள்விகள். 'நீங்கள் எப்போது சோர்ந்தீர்கள்? (மணி, நிமிடம் குறிப்பிடுக)' என்பது அதில் சுலபமானது. படிவத்தோடு வலைப்பதிவின் பாஸ்வேர்டையும் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதை மாற்றி, புதியதை உறையிலிட்டு, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும்.

"பாஸ்வேர்ட் எதுக்குங்க? நான் எழுதக் கத்துக்கத்தானே வந்திருக்கேன்?" என்றார் மெக்கானிக்.

கவன அலுவலர் மேசை மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"பயிற்சிக் காலத்துல எழுதினா கவனம் சிதறும் சார். எழுதுறதுதான் பதிவர்களுக்கு இருக்கிற பெரிய தொந்தரவு. அதை எடுத்துட்டோம்னா நீங்க முழுசா பயிற்சியில இறங்கிடலாம்."

இதில் எங்கோ ஓட்டை இருப்பதாக மெக்கானிக்குக்குப் பட்டது. ஆனால் அதிகாரி சொல்கிறார், முத்திரை வேறு வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு தினமும் பத்து மணிக்குத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவன அலுவலர் மணி அடிப்பார். அடித்துவிட்டு, "எல்லாரும் கவனமா இருக்கீங்களா?" என்று கேட்பார். எல்லோரும் எழுந்து, "இருக்கிறோம்" என்று சொல்லி, வரிசையில் போய்ப் பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டு இடத்துக்குத் திரும்ப ஒன்பது நிமிடம் ஆகும். மீதமுள்ள ஒரு நிமிடத்தில் பாடம் நடந்தது.

மெக்கானிக்கின் பக்கத்து இருக்கையில் பூனைக்காரர் இருந்தார். தன் வீட்டுப் பூனையைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர். இந்தப் பயிற்சிக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார்.

"ரெண்டு தடவை சான்றிதழ் வாங்கியாச்சா? அப்புறம் ஏன் மறுபடியும்?"

"சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். வருஷம் முடிஞ்சா ஊக்கம் காலாவதி ஆயிடும்னு கடிதம் வருது. இங்க வந்து வந்து போறதுல பூனையைப் பாக்கவே நேரமில்ல. அது இப்ப பக்கத்து வீட்டுல சாப்பிடுது."

ஒன்பதாம் நாள் பாடத்தின் பெயர் 'வாசகர் தொந்தரவும் தற்காப்பும்'. பயிற்சி பெறுகிறவர்களின் பதிவுகளுக்கு வரும் பின்னூட்டங்களை வாரியம் அச்சடித்து, ஊர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்து, கோப்பில் வைத்திருந்தது. கவன அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மாதிரிக்கு ஒரு தொந்தரவைப் படிக்கிறேன். யாரும் மனசுல வாங்கிக்காம கேக்கணும். எழுதினவங்க ஒரு அம்மா. பேரு, சோப்புநுரை."

பயிற்சி தொடங்கிய இரண்டாம் நாள் வந்ததை முதலில் படித்தார். "'ஐயா, சலவைக்கடை வச்சிருக்கேன். நீங்க சொன்னபடியே எல்லாத்தையும் கழட்டிட்டேன். முப்பத்திரண்டு படமும் முடிஞ்சுது. அடுத்த பாகம் எங்கே? தேடிப் பாத்தேன், கிடைக்கல.'"

மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஐந்தாம் நாள். 'ஐயா, வெளியூர் போயிருக்கீங்களா? மிஷின் கடை நடுவுல பரப்பிக் கிடக்கு. வர்றவங்க டிரம்மைத் தாண்டித்தான் உள்ள வர்றாங்க. இருக்கிறது இந்த ஒரு மிஷின்தான். வேற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். யாரு கழட்டினாங்களோ அவங்களையே மாட்டச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.'"

மெக்கானிக்கும் வாழ்க்கையில் நாற்பது ஐம்பது பேரிடமாவது அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தவர்தான். இப்போது அது சுற்றி வந்து அவர் காதிலேயே விழுந்தது.

"நேத்து வந்தது. 'ஐயா, முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்பு அறுபது இருக்கு. கையாலதான் துவைக்கிறேன். பெரியவங்க பாவம், அழுக்கு விரிப்புல படுக்க முடியுமா? அடுத்த வெள்ளிக்குள்ள மிஷின் ஓடலைன்னா வேற கடைக்குக் குடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. அது போச்சுன்னா நான் கடையை மூட வேண்டியதுதான். உங்களைத் திட்ட மனசு வரல. மாட்டுறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க.'"

"மேடம்!" மெக்கானிக் எழுந்துவிட்டார். "அது எனக்கு வந்தது! அந்த அம்மா என்னை நம்பிக் கழட்டியிருக்காங்க! என் பதிவைத் திறந்து விடுங்க. ஒரு மணி நேரம் போதும், எழுதிடுறேன்."

கவன அலுவலர் வகுப்பைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். "பாத்தீங்களா? மூணே மூணு பின்னூட்டம். மனுஷன் எழுந்து நின்னு கத்துறார். வாசகர் எவ்வளவு ஆபத்தானவங்கன்னு இதுக்கு மேல விளக்க முடியாது." பிறகு மணி அடித்தார்.

எந்த ஊர், எந்தத் தெரு என்று கறுப்பு மைக்குத்தான் தெரியும். பின்னூட்டமாகவே பதில் போடலாம் என்று வீட்டிலிருந்து முயன்றால் அதுவும் நேரே வாரியத்தின் கோப்புக்குத்தான் போனது. மறுநாள் மெக்கானிக் இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநரின் அறையில் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பதிவை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'வணக்கம். இது என் முதல் பதிவு. விரைவில் விரிவாக எழுதுகிறேன்.' தேதியைப் பார்த்தால் பதினோரு வருடம் முந்தியது.

"பாக்குறீங்களா?" என்றார் இயக்குநர். குரல் நெகிழ்ந்தது. "அந்த மூணு வாக்கியத்துக்கு அப்புறம் நான் எதுவும் எழுதல. ஏன்? கவனம் சிதறக்கூடாது. அடுத்த பதிவுக்குத் தயாராகிட்டே இருக்கேன். பதினோரு வருஷமா ஒரு நாள்கூட ஊக்கம் குறையல. எழுதியிருந்தா குறைஞ்சிருக்கும். எத்தனை பேரைப் பாத்துட்டேன்! எழுத ஆரம்பிக்கிறாங்க, அதோட போச்சு."

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். டிரம், அறுபது விரிப்பு, அடுத்த வெள்ளி. இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு இப்ப எழுதணும்னு தோணுதா?" என்றார்.

"தோணுதாவா? உள்ளங்கை அரிக்குது சார்!"

இயக்குநர் முகம் கறுத்தது. "எங்க பயிற்சியில பதினேழாம் நாள்தான் ஊக்கம் வரணும். உங்களுக்குப் பத்தாம் நாளே வந்திருக்குன்னா அது எங்களோடது இல்ல. வெளியிலேருந்து வந்தது. யாரோ ஒரு சலவைக்கடை அம்மாவால வந்த ஊக்கத்துக்கு நான் எப்படிச் சான்றிதழ் குடுக்க முடியும்? தணிக்கையில கேட்டா என்ன சொல்றது? முதல்ல அதைக் குறைச்சுக்கோங்க. சுத்தமா போனதும் வாங்க, நாங்க முறைப்படி ஏத்துறோம்."

கையோடு ஒரு படிவமும் கொடுத்தார். அனுமதியற்ற ஊக்கத்தைக் கைவிடுவதற்கான விண்ணப்பம். மூன்று நகல்.

மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அதிகமாக வந்தது. யாரும் படிக்கவில்லை என்று மச்சான் சொன்னதை நம்பி, படித்துக்கொண்டிருந்த ஒரே ஒருத்தியை நட்டாற்றில் விட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பூனைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கதையைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புதன்கிழமை உறுதிமொழிக் கட்டுரை எழுதச் சொல்வாங்க. அதை உங்க வலைப்பதிவுலயே அவங்களே போடுவாங்க. ஊக்கம் பன்னிரண்டு தடவை, கவனம் பன்னிரண்டு தடவை, இலக்கு பன்னிரண்டு தடவை வரணும். அதை மட்டும்தான் எண்ணுவாங்க. நடுவுல என்ன இருக்குன்னு யாரும் பாக்குறதில்ல. போன வருஷம் எங்க பூனைக்கு வயித்தால போனதை எழுதினேன். முதல் பரிசு குடுத்தாங்க."

புதன்கிழமை மெக்கானிக் எழுதினார். மணி அடித்தபோதெல்லாம் எழுந்து, கையெழுத்துப் போட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார். ஆறு வருடத்தில் இவ்வளவு வேகமாக எழுதியதில்லை. அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி:

'ஊக்கமுள்ள மனிதன் முதலில் பழைய பேரிங் இருந்த இடத்தைக் கவனத்தோடு துடைப்பான். புதியதை இலக்கில் வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் சுத்தியலால் தட்டுவான். நேரடியாகத் தட்டினால் இலக்கு விரிந்துவிடும். பிறகு டிரம்மின் இரண்டு பாதிகளையும் ஊக்கத்தோடு சேர்க்க வேண்டும். சுற்றியுள்ள திருகுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குவதே கவனம். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் மூன்று துளைகள் உண்டு. அவை கீழே இருக்க வேண்டும் என்பதே நம் இலக்கு. ஆட்டத்தை அடக்கும் கான்கிரீட் கட்டியை மாட்ட மறந்து ஓட்டினால், எவ்வளவு ஊக்கம் இருந்தாலும் வாழ்க்கை அறை முழுக்க நடக்கும்.'

கவன அலுவலர் சிவப்புப் பென்சிலால் எண்ணினார். முப்பத்தாறு. சரியாக இருந்தது. பென்சிலைக் கீழே வைக்கப்போனவர் நின்றார்.

"பேரிங்னா?"

"மனசுங்க மேடம்."

"ரப்பர்?"

"பொறுமை."

"நல்லா இருக்கு. ஆனா இங்க 'கீழே'ன்னு ஒரு சொல் வருதே. அது எதிர்மறைச் சொல் ஆச்சே. பட்டியல்ல இருக்கு. 'மேலே'ன்னு மாத்திடுறேன்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! துளை கீழேதான் இருக்கணும்! மேல வச்சா தண்ணி வடியாது, ரப்பருக்குள்ளயே தேங்கும். கதவைத் திறந்தா கடை பூரா வெள்ளம்!"

"பொறுமையில எப்படி சார் தண்ணி தேங்கும்?"

மெக்கானிக்கால் உண்மையைச் சொல்லவும் முடியாது. ரப்பர் என்றால் ரப்பர்தான் என்று சொன்னால் கட்டுரையே போய்விடும். "வேர் கீழேதானே மேடம் இருக்கு? அஸ்திவாரம் கீழேதானே?" என்று கெஞ்சிப் பார்த்தார். கவன அலுவலர் பட்டியலை எடுத்துக் காட்டினார். வேர், அஸ்திவாரம் இரண்டும் அதில் இருந்தன. பென்சில் ஒரு கோடு போட்டது. கீழே போய், மேலே வந்தது.

இயக்குநர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, 'வாழ்க்கை அறை முழுக்க நடக்கும்' என்ற இடத்தில் கைக்குட்டையை எடுத்ததாகச் சொன்னார்கள். வாரத்தின் சிறந்த கட்டுரை என்று அறிவித்தார்கள். மெக்கானிக்கின் பதிவில் மட்டுமல்ல, நாற்பத்து மூன்று பேருடைய பதிவுகளிலும் அதையே போட்டார்கள்.

மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னார். "எல்லாம் சரியா எழுதிட்டேன். ஒரே ஒரு சொல்லு. அந்தச் சொல்லுல கடை மூழ்கிடும்."

"ஏங்க, அந்தம்மா தினமும் தண்ணியோட பழகுறவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

"புஸ்தகத்துல போட்டா நம்ம புத்தியை யாரு கேக்குறா? நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தவன்தானே?"

மனைவி தட்டை மூடி வைத்தார். வெள்ளிக்கிழமை போனது. சனியும் ஞாயிறும் எப்படியோ போயின. திங்கட்கிழமை வகுப்பில் கவன அலுவலர் கோப்பைத் திறந்தார்.

"இன்னொரு தொந்தரவு. அதே சோப்புநுரை. யாரும் மனசுல வாங்கிக்காதீங்க. 'ஐயா, படிச்சேன். ஊக்கம், கவனம், இலக்குன்னு வர்ற இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் படிச்சேன்...'" இங்கே அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. "'...மிச்சம் தெளிவா இருந்துச்சு. ரப்பர்ல துளையெல்லாம் மேலேன்னு போட்டிருக்கு. தண்ணி மேல போய் நான் பாத்ததில்ல. அதனால கீழேயே வச்சேன். நடுவுல வேற யாரோ கை வச்சிருக்காங்க போல. மிஷின் ஓடுது. அறுபது விரிப்பும் வியாழக்கிழமையே போய்ச் சேந்துடுச்சு. இப்ப துணி காயவைக்கிற டிரையர் கரகரங்குது. நீங்க மாட்டுறதையும் எழுதினப்புறம்தான் இந்தத் தடவை திறப்பேன்.'"

மெக்கானிக் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூனைக்காரர் மேசையைத் தட்டினார். ஓர் ஆள் படிக்கிறாள். படிப்பது மட்டுமா, எது அவருடையது, எது வாரியத்துடையது என்று பிரித்தெடுத்துப் படிக்கிறாள். அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாரியத்துக்கு அப்படி இல்லை. அன்றே அவசரக் கூட்டம் நடந்தது. முப்பத்தாறு அங்கீகரிக்கப்பட்ட சொற்களை ஒரு வாசகர் தாண்டிப் போயிருக்கிறார். தவறு எழுத்தில் இல்லை, வாசகரிடம்தான் என்று இயக்குநர் கண்டுபிடித்தார். "இத்தனை வருஷமா பதிவர்களையே திருத்திட்டு இருந்தோம். கவனம் இல்லாதது வாசகர்களுக்கு!" உடனே வாசகர் கவனப் பிரிவு தொடங்கப்பட்டது. மூன்றாம் மாடி காலியாகத்தான் இருந்தது. முதல் அழைப்பாணை சோப்புநுரைக்கே போனது. தாண்டாமல் படிப்பதற்கான இருபத்தொரு நாள் பயிற்சிக்கு உடனே வந்து சேரவும்.

மறுநாள் சோப்புநுரையின் பதில் வந்தது. இயக்குநரே அதை வகுப்புக்கு எடுத்துவந்து, இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் படித்தார்.

"'வர முடியாது. துணி கிடக்கு.'"

இயக்குநர் கவன அலுவலரைப் பார்த்தார். கவன அலுவலர் விதித் தொகுப்பை எடுத்தார். வர மறுப்பவர்களுக்கு என்ன தண்டனை என்று அட்டையிலிருந்து அட்டைவரை தேடினார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு எட்டு விதிகள் இருந்தன. மணி அடிக்கும்போது எழாதவர்களுக்குப் பதினொன்று. வரவே மாட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்படியும் ஒருவர் சொல்ல முடியும் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் மெக்கானிக் அன்று மாலை முழுக்க அதையே யோசித்தபடி ஒரு வீட்டில் நீர்க்குழாய் மாற்றினார். மறுநாள் காலை பத்து மணிக்கு, வாரியத்தின் முகவரிக்கு ஒரு வரி அனுப்பினார். 'வர முடியாது. டிரையர் கிடக்கு.'

மூன்றாம் நாள் தபாலில் உறை வந்தது. உள்ளே இருந்த கடிதம் இப்படிச் சொன்னது: 'போதிய ஊக்கமின்மை காரணமாகத் தாங்கள் பயிற்சியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். தங்கள் பாஸ்வேர்ட் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.' மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, மச்சான் வந்தால் காட்டுவதற்கென்று எடுத்து வைத்தார்.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

"இரு. பாதியிலதான் இருக்கேன்."

டிரையரைக் கழற்றுவது பதினெட்டுப் படத்தில் முடிந்திருந்தது. மெக்கானிக் கையை உதறிக்கொண்டு, அதற்குக் கீழேயே, அதே பதிவில், மாட்டுவதையும் கடைசித் திருகுவரை எழுதிவிட்டுத்தான் சாப்பிட எழுந்தார்.